காக்னேட்: ஒலி ஒத்தால் உறவாகிவிடுமா?

ஸ்பானிஷ் கற்றுத்தரும் காணொளி ஒன்றில், ஒரே மூலத்திலிருந்து வெவ்வேறு மொழிகளுக்கு வந்த சொற்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான காக்னேட்டுக்கு ‘ஒலியொத்த சொல்’ என்றார்கள். அடுத்ததிலும் அதே. நான்காவதிலும் அதுவே வந்ததும் நிறுத்திவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

காக்னேட், லத்தீன் ‘கோக்னாட்டுஸ்’ வழி வந்தது. கூடப் பிறந்தது என்று பொருள். அவ்வளவுதான். பிறப்பைச் சொல்லும் சொல்லில் ஒலி எங்கே வந்தது?

ஒலியை நம்பினால் என்ன ஆகும் பாருங்கள். ஸ்பானிஷ் ‘மூச்சோ’ என்றால் நிறைய. ஆங்கில ‘மச்’ போலவே காதில் விழுகிறது, பொருளும் கிட்டத்தட்ட அதே. ஆனால் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மூச்சோ லத்தீன் ‘முல்ட்டும்’ பெற்ற பிள்ளை. மச், பழைய ஆங்கில ‘மிச்செல்’ வழி. ஸ்பானிஷ் ‘தீயா’வும் ஆங்கில ‘டே’யும் இப்படித்தான், இரண்டும் நாள், இரண்டும் வேறு வேறு வேர்.

அந்தப் பக்கம் ஸ்பானிஷ் ‘ஊமோ’ என்றால் புகை. கேட்டதும் யாருக்காவது புகையைக் குறிக்கும் ஆங்கில ‘ஃபியூம்’ நினைவுக்கு வருமா? இரண்டுக்கும் மூலம் லத்தீன் ‘ஃபூமுஸ்’. சொல் முதலில் இருந்த ஃப, ஸ்பானிஷில் பல இடங்களில் ஹ ஆகி, அப்புறம் அந்த ஹவும் வாயிலிருந்து போய்விட்டது. எழுத்தில் மட்டும் மிச்சம். மகனைக் குறிக்கும் ‘ஈஹோ’வுக்கு, பிள்ளைக்குரிய என்று பொருள்படும் ஆங்கில ‘ஃபிலியல்’ சொந்தமாவதும் இதே வழியில். லத்தீன் ‘க்ட’ ‘ச்ச’ ஆனதைப் பிடித்துக்கொண்டால் எட்டைக் குறிக்கும் ‘ஓச்சோ’வுக்குள் ஆக்டேவும் (இசையில் எட்டாம் சுரம்), பாலைக் குறிக்கும் ‘லெச்சே’க்குள் லாக்டோஸும் (பால் சர்க்கரை) தெரியும். ஒலியொத்ததைத் தேடச் சொன்னால் மாணவர் இதையெல்லாம் தாண்டிப் போய்விடுவார்.

நம் பால் கன்னடத்தில் ஹாலு, புலி அங்கே ஹுலி. இவற்றை யாரும் ஒலியொத்த சொல் என்பதில்லை, இனச்சொல் என்கிறோம். கையில் இருக்கிற சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஏன் செய்ய வேண்டும்? (ஆங்கிலம் கடன் வாங்கிய ஃபியூமையும் லாக்டோஸையும் கறாரான மொழியியலாளர் இனச்சொல்லாக ஏற்கமாட்டார். சரி, சொல் கற்பவருக்கு அந்தக் கறார் வேண்டாம்.)

இதைவிட எரிச்சல் ‘போலி நண்பர்கள்’, அதாவது இரண்டு மொழிகளில் ஒன்றுபோல் தெரிந்து வேறு பொருள் தரும் சொற்களுக்கு வைத்த பெயர். ஆங்கிலத்தில் நண்பன் என்றிருந்தால் தமிழிலும் நண்பனைக் கூட்டிவர வேண்டுமா? ஸ்பானிஷ் ‘எம்பரசாதா’ என்றால் கர்ப்பிணி. ஆங்கில ‘எம்பாரஸ்ட்’ என்றால் கூச்சப்பட்டவர். உடனே, “இது காக்னேட் அல்ல, ஏமாறாதீர்கள்” என்கிறார்கள். இரண்டும் ஒரே வேர்தான், ஐயா! மாறியது பொருள். ‘பொருள் திரிந்த இனச்சொல்’ என்று என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நீளம்தான்.