போட்டோவில் ஒரு கண் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால்

குலதெய்வம் கோயிலில் மொட்டையடித்து, மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தியபோது எடுத்த போட்டோ அது. பேரனுக்கு அப்போது ஒன்றரை வயது. தலையில் சந்தனம் காயவில்லை. இடது கண், ஃபிளாஷில் எல்லாருக்கும் வருவதுபோலச் சிவப்பு. வலது கண்ணின் பாப்பாவில் மட்டும் பால் ஊற்றியதுபோல ஒரு வெள்ளை.

"ராத்திரி லைட்டு பட்டா பூனைக்கண்ணு கணக்கா மின்னுது டாக்டரம்மா. சொன்னா ஒருத்தரும் நம்பல. அதான் போட்டோவக் கொண்டாந்தேன்" என்று செல்போனை நீட்டினார் பாட்டி.

இருபது வருஷமாகக் குழந்தைகளின் கண் பார்க்கிறேன். ரெட்டினோபிளாஸ்டோமா என்ற இந்த விழித்திரைப் புற்றுநோயை அநேகமாக அம்மாவோ பாட்டியோதான் முதலில் பார்த்திருப்பார்கள். நாங்கள் அதற்குப் பெயர் வைக்கிறோம், அவ்வளவுதான்.

ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புக்கு ஒரு குழந்தைக்கு வருகிறது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள். சாதாரணமாக ஃபிளாஷ் வெளிச்சம் கண்ணுக்குள் போய், பின்னால் உள்ள ரத்த நாளங்களில் பட்டுச் சிவப்பாகத் திரும்பும். நடுவில் வெள்ளைக் கட்டி இருந்தால் வெள்ளையாகத் திரும்புகிறது. ஆரம்பத்தில் வலி கிடையாது. ஒரு கண்ணில் பார்வை போனாலும் குழந்தை மறு கண்ணை வைத்துச் சமாளித்து ஓடியாடும். "நல்லாத்தானே வெளையாடுறான்" என்று வீடும் விட்டுவிடும்.

அடுத்த அறிகுறி மாறுகண். நம் ஊரில் லேசான மாறுகண் அதிர்ஷ்டம் என்று ஒரு பேச்சு உண்டு. அந்த அதிர்ஷ்டத்தை நம்பி நாள் கடத்திய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வீட்டாரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மேற்படிப்பு படித்த காலத்தில், மாறுகண்ணோடு வந்த எட்டு மாதப் பெண் குழந்தை கத்திக் கூப்பாடு போட்டது. வெளியே நீண்ட வரிசை. கண்ணின் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விடாமலே, "வளர வளரச் சரியாகிடும்மா" என்று அனுப்பிவிட்டேன். ஐந்து மாதம் கழித்து வந்தபோது கண் வெளியே பிதுங்கியிருந்தது. அன்றிலிருந்து, மாறுகண் என்று எந்தக் குழந்தை வந்தாலும் சொட்டு மருந்து விட்டு, காத்திருந்து, உள்ளே பார்க்காமல் அனுப்புவதில்லை.

போட்டோவில் வெள்ளை தெரிந்தாலே புற்றுநோய் என்று பதறவும் வேண்டாம். பக்கவாட்டில் எடுத்த படத்தில் நல்ல கண்ணும் சில சமயம் அப்படித் தெரியும். பிறவிக் கண்புரையிலும் தெரியும். ஆனால் அதைப் பிரித்துச் சொல்ல வேண்டியவர் கண் மருத்துவர். அதே கண்ணில் திரும்பத் திரும்பத் தெரிந்தால் அந்த வாரமே கிளம்பிவிடுங்கள்.

கட்டி சிறியதாக இருந்தால் லேசர், உறையவைக்கும் சிகிச்சை, கீமோ என்று கண்ணையே காப்பாற்ற வழிகள் உண்டு. கீமோவில் கொடுக்கும் வின்கிரிஸ்டின், நம் வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுப்பதுதான். (அதற்காக இலையைக் கசக்கிக் கண்ணில் பிழியாதீர்கள். பிழிந்துவிட்டு வந்தவர்கள் உண்டு. தாய்ப்பால் விட்டவர்கள் அதைவிட அதிகம்.)

கட்டி கண்ணை நிறைத்துவிட்டால் கண்ணை எடுத்தாக வேண்டும். இந்த இடத்தில்தான் பிள்ளைகளைத் தவறவிடுகிறோம். "வீட்ல கலந்து பேசிட்டு வர்றோம்" என்று எழுந்து போவார்கள். பெண் குழந்தையானால், "ஒத்தக் கண்ணோட எவன் கட்டிக்குவான்?" என்று ஒரு பெரியவர் கேட்டிருப்பார். மாதங்கள் கழித்து வரும்போது கட்டி பார்வை நரம்பு வழியே மூளைப் பக்கம் போயிருக்கும். கண்ணுக்குள் இருக்கும்போதே பிடித்துவிட்டால் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளும் பிழைக்கும் நோய் இது. வசதியுள்ள நாடுகளில் 95 சதவீதத்துக்கு மேல் பிழைக்கிறார்கள்.

இன்னொன்று. "கிரகணத்தன்னிக்கு வெளிய போனியா?" என்று மருமகளைக் கேட்பவர்களுக்கு: 13ஆம் குரோமோசோமில் உள்ள ஆர்பி1 என்ற மரபணுவில் ஏற்படும் பழுதுதான் காரணம். பல குழந்தைகளுக்கு அது தானாக நேர்வது. அம்மா தின்றதோ செய்ததோ எதுவும் இல்லை. ஆனால் சில குடும்பங்களில் வழிவழியாக வரும் என்பதால், கூடப் பிறந்தவர்களின் கண்களையும் பார்த்துவிடுவோம்.

குழந்தைப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமான செப்டம்பர் வந்தால் அதற்கான தங்க நிற ரிப்பன் குத்திக்கொண்டு மேடையேறுகிறோம். நானும் ஏறுகிறேன். அந்தப் பாட்டியின் போட்டோ அங்கன்வாடிச் சுவரில் ஒட்டியிருந்தால் அதைவிட வேலை நடக்கும் என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும்.

பேரனின் வலது கண்ணை எடுத்தோம். காப்பீட்டு அட்டை இருந்ததால் பணத்துக்கு அலையவில்லை. புண் ஆறியதும், இடது கண்ணின் நிறம் பார்த்துச் செயற்கைக் கண் செய்து பொருத்தினோம். இப்போது மூன்றாம் வகுப்பு. போன தடவை பாட்டி ஒரு புகாரோடு வந்தார்: பக்கத்தில் உட்காரும் பையனைப் பயமுறுத்த, கண்ணைக் கழற்றிக் கையில் வைத்துக் காட்டுகிறானாம். டீச்சர் கூப்பிட்டு விட்டிருக்கிறார்.