சாய்ந்தவரை நிமிர்ந்து நிற்பதாகச் சொல்லும் சென்சார்

திருத்துறைப்பூண்டியில் பிளஸ் டூ படிக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு வீரர் எத்தனை டிகிரி சாய்கிறார், முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்றெல்லாம் எப்படி அளக்கிறார்கள்? கேமரா வைத்தா?"

சரிவே இல்லாத ஊரிலிருந்து வந்த கேள்வி. தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் கடற்கரை வரை நிலம் மொத்தமாக இறங்குவதே சுமார் 60 மீட்டர்தான். ஒலிம்பிக் ஆண்கள் ஸ்லாலமில் (கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து இறங்கும் பனிச்சறுக்குப் போட்டி) ஒரு நிமிடம் போல ஆகும் ஒரே ஓட்டத்தில் 180 முதல் 220 மீட்டர் இறங்கிவிடுகிறார்கள்.

கேமராவும் உண்டு. ஆனால் பல கேமராக்களை நிறுத்தி, சரிவில் குறிப்புப் புள்ளிகளை சர்வே எடுத்து, ஒவ்வொரு ஃபிரேமிலும் மூட்டுகளைக் குறித்தாலும் கிடைப்பது இரண்டு மூன்று திருப்பங்கள்தான். முழு ஓட்டமும் வேண்டுமென்றால் உடம்பிலேயே சென்சார் கட்ட வேண்டும். இதற்கு ஐஎம்யூ (அசைவை அளக்கும் சில்லுகளின் தொகுப்பு) என்று பெயர். உள்ளே மூன்று அச்சுகளில் முடுக்கமானி, மூன்று அச்சுகளில் சுழற்சிமானி (கைரோ); பெரும்பாலும் ஒரு காந்தமானியும் இருக்கும். உங்கள் போனிலும் இதே சில்லுகள்தான். கணைக்கால் எலும்பு (முழங்காலுக்குக் கீழே முன்பக்கம்), தொடை, இடுப்பு, மார்பு என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்று கட்டுவார்கள். வினாடிக்கு நூற்றுக்கணக்கான அளவீடுகள் பதிவாகும்.

முடுக்கத்தைத் தொகையிட்டால், அதாவது கணத்துக்குக் கணம் கூட்டிக்கொண்டே போனால், வேகம்; இன்னொரு முறை தொகையிட்டால் தூரம். பள்ளிக் கணக்குதானே என்று தோன்றும். சென்சாரின் சாய்வை ஒரே ஒரு டிகிரி தப்பாகக் கணித்தால் புவியீர்ப்பில் 0.17 மீ/வி² அளவு முடுக்கமாக வேஷம் போட்டு உள்ளே வந்துவிடும். பத்தாவது வினாடியில் பிழை 8.5 மீட்டர், ஒரு நிமிடத்தில் 300 மீட்டருக்கு மேல். ஆகவே எல்லாமே சாய்வைச் சரியாக அறிவதில்தான் இருக்கிறது.

சாய்வைச் சொல்வது முடுக்கமானியின் வேலை. அது கொத்தனாரின் தூக்குக்குண்டு மாதிரி. மேசைமேல் அசையாமல் இருந்தால் 9.8 காட்டும், எது மேல் எது கீழ் என்று துல்லியமாகச் சொல்லும். அந்தக் குண்டை கும்பகோணம்–தஞ்சாவூர் பஸ்ஸில் தொங்கவிட்டால், டிரைவர் வளைவில் ஒடிக்கும்போதெல்லாம் அது ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். இனி சறுக்குவீரருக்கு வருவோம். மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் 20 மீட்டர் ஆரத் திருப்பம். மைய நோக்கு முடுக்கம் கிட்டத்தட்ட 19 மீ/வி², புவியீர்ப்பைப் போல இரு மடங்கு. விழாமல் இருக்க அவர் 60 டிகிரிக்கு மேல் உள்நோக்கிச் சாய்ந்தாக வேண்டும். அப்படிச் சாய்ந்து சமநிலையில் இருப்பதாலேயே, இரண்டு முடுக்கங்களின் கூட்டு விசை அவர் உடம்பின் நீளத்தோடு ஒத்துப்போகிறது. முடுக்கமானி என்ன சொல்லும்? "ஆள் நேராக நிற்கிறார், எடை மட்டும் இரண்டு மடங்குக்கு மேல்." சாய்வு அதிகபட்சமாக இருக்கும் கணத்தில் சாய்வே இல்லை என்று சாதிக்கிறது கருவி!

அப்போது கைரோவை நம்பலாமே? நம்பலாம், கொஞ்ச நேரத்துக்கு. அதன் சிறு பிழை ஒவ்வொரு வினாடியும் சேர்ந்து கோணம் மெல்ல நகர்ந்துவிடும். காந்தமானி திசையை மட்டும்தான் திருத்தும். அதையும் பூட்ஸின் உலோகக் கொக்கிகள் குழப்பும். (சமநிலை தரும் என்று கடையில் விற்கும் காந்தக் காப்பைப் போட்டுக்கொண்டால் உறுதியாகக் கிடைக்கும் ஒரே பலன் இந்தக் குழப்பம்தான்.)

இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த தந்திரம் வருகிறது. தொடையில் ஒரு சென்சார், கணைக்கால் எலும்பில் ஒன்று. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது முழங்கால். தொடை சென்சாரின் முடுக்கத்தோடு, அங்கிருந்து மூட்டு வரையுள்ள தூரத்தையும் சுழற்சியையும் சேர்த்தால் முழங்காலின் முடுக்கம் கிடைக்கும். கீழ் சென்சாரிலிருந்தும் அதே கணக்கு. முழங்கால் ஒன்றுதான், இரண்டு விடைகளும் ஒரே திசையைக் காட்டியே ஆக வேண்டும். காட்டாவிட்டால், அந்தக் கோண வித்தியாசமே கைரோக்கள் ஒன்றை விட்டு ஒன்று நகர்ந்த அளவு. வெளியிலிருந்து எந்தச் சாட்சியும் இல்லாமல் உடம்பே தன் பிழையைக் காட்டிக்கொடுக்கிறது. ஒரே ஒரு குறை: ஒரு கணத்தின் முடுக்கத்தை வைத்து, அந்தத் திசையையே அச்சாகக் கொண்ட நகர்வை அறிய முடியாது. இடமும் வலமுமாகத் திரும்பி முடுக்கத்தின் திசை மாற மாற அதுவும் பிடிபடும். இதே முறையில் இடுப்பு, முதுகு என்று சங்கிலியாக மேலே போகலாம். முழுச் சங்கிலியையும் தரையோடு பொருத்த, புறப்படும் முன்னும் முடித்த பின்னும் சில வினாடிகள் அசையாமல் நிற்கச் சொல்வார்கள். இடத்துக்கும் வேகத்துக்கும் சென்டிமீட்டர் அளவில் துல்லியம் தரும் வகையிலான செயற்கைக்கோள் கருவி தனி.

கெடுவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான். அறையின் சூட்டிலிருந்து நேராகப் பனிக்குக் கொண்டுபோனால் கைரோவின் பூஜ்ஜியம் நகரும். குளிரில் வைத்து ஆறவிட்ட பிறகே அளவு திருத்த வேண்டும். முடுக்கமானியை ±2ஜி (ஒரு ஜி என்பது புவியீர்ப்பின் அளவு) வரம்பில் விட்டால் பனிக்கட்டி அதிர்விலேயே அளவு முட்டிவிடும், ±16ஜி வேண்டும். தொடைச் சதை குலுங்கும். கணைக்காலில் சதை இல்லாத உட்புற எலும்புத் தட்டு நல்ல இடம். மூட்டு வரையுள்ள தூரத்தை டேப்பில் தப்பாக எடுத்தால் மேலே சொன்ன தந்திரமே பொய் சொல்லும்.

மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தால் டெல்டாவில் குறுவை நடவு. நாள் முழுக்கக் குனிந்து நடும் பெண்களின் முதுகு எத்தனை டிகிரியில், எத்தனை நிமிடம் இருக்கிறது என்று அளப்பது பனிச்சறுக்கைவிடப் பல மடங்கு எளிது. அசைவு மெதுவானது; தூக்குக்குண்டு அங்கே பொய் சொல்லாது. மேல்முதுகில் ஒன்று, இடுப்பில் ஒன்று, வினாடிக்கு 50 அளவீடு போதும். கஷ்டமான கணக்குக்குக் கிடைக்கிற பணம் இந்த எளிய கணக்குக்கும் வர வேண்டும் என்பது என் கட்சி. செய்ய நினைக்கும் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு குறிப்பு: வியர்வையில் சாதாரண பிளாஸ்திரி அரை மணியில் கழன்றுவிடும், நீர்புகாப் பையில் போட்டு எலாஸ்டிக் பட்டையால் கட்டுங்கள். நிமிர்ந்து நிற்கும் பத்து வினாடி அளவை வயலில் இறங்கும் முன், வரப்பிலேயே எடுத்துவிடுங்கள்.