ஃப்ரிட்ஜில் வைத்த பால் ஏன் கசக்கிறது?

சனிக்கிழமை வாங்கி ஃப்ரிட்ஜில் மறந்துபோன பால் பாக்கெட்டைப் புதன்கிழமை காலையில் வெட்டிக் காய்ச்சினேன். திரியவில்லை, புளித்த வாடையும் இல்லை. நன்றாகவே பொங்கி வந்தது. காபி கலந்து ஒரு மிடறு குடித்த பிறகுதான் தெரிந்தது: டிகாஷனின் கசப்பைத் தாண்டி, அடிநாக்கில் வேறொரு கசப்பு.

வெளியில் வைத்த பால் கெட்டால் உடனே தெரிந்துவிடும். நம் ஊர் வெக்கையில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பாலின் சர்க்கரையைத் தின்று அமிலத்தை உண்டாக்கும். பால் புளிக்கும், அடுப்பில் வைத்தால் திரியும். மூக்கும் நாக்கும் காலங்காலமாகப் பழகிய எச்சரிக்கை இது. ஃப்ரிட்ஜுக்குள் அந்தப் புளிப்புக் கூட்டம் முடங்கிப்போகிறது. காலியான இடத்தைக் குளிர் தாங்கும் கிருமிகள் பிடித்துக்கொள்கின்றன.

எப்படித் தாங்குகின்றன? மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலிலேயே உறைந்து நிற்கும், நல்லெண்ணெய் உறையாது. பாக்டீரியாவைச் சுற்றியுள்ள உறையிலும் கொழுப்பு உண்டு. அது தேங்காய் எண்ணெய் போல இறுகிவிட்டால் உணவு உள்ளே போக முடியாது. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா, குளிர் ஏறியதும் தன் உறையின் கொழுப்பை நல்லெண்ணெய் ரகத்துக்கு, அதாவது நிறைவுறாக் கொழுப்பாக, மாற்றிக்கொள்கிறது. உறை இளகியே இருப்பதால் 4 டிகிரி செல்சியஸிலும் மெல்லப் பெருகுகிறது. 8 மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 5 நாளில் 15 இரட்டிப்பு. ஒன்று 32,768 ஆகிவிடும்.

பால் பண்ணையில் 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கும்போதே சூடோமோனாஸ் செத்துவிடும். பாக்கெட்டில் இருப்பவை பெரும்பாலும் அதற்குப் பின், குழாயிலும் அடைக்கும் இயந்திரத்திலும் ஒட்டிக்கொண்டு வந்தவை. பாலின் புரதத்தை வெட்டும் நொதியை இவை சுரக்கின்றன. வெட்டுப்பட்ட புரதத் துண்டுகள்தான் என் காபியில் கசந்தவை. காய்ச்சினால் கிருமி சாகும். ஆனால் அந்த நொதி கொதிக்கும் பாலையும் தாக்குப்பிடிக்கக் கூடியது.

சூடோமோனாஸ் கெடுப்பது பெரும்பாலும் பாலைத்தான். நான் உண்மையில் பயப்படுவது வேறு இரண்டு பாக்டீரியாக்களுக்கு. ஒன்று லிஸ்டீரியா. ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும். பாலின் மணத்திலோ நிறத்திலோ எதையும் காட்டிக்கொடுக்காது. கர்ப்பிணிக்கு லேசான காய்ச்சல் போல வந்து கருவையே கலைத்துவிடக் கூடியது. காய்ச்சினால் சாகும். அதனால் காய்ச்சாத கறந்த பாலைக் கர்ப்பிணிகள் தொடவே கூடாது. காய்ச்சிய பாலையும் பச்சை இறைச்சிக்கும் கழுவாத காய்க்கும் பக்கத்தில் திறந்து வைக்க வேண்டாம்.

இன்னொன்று பேசில்லஸ் சீரியஸ். இதன் வித்துகள், அதாவது விதை போல உறங்கிக் கிடக்கும் வடிவம், கொதியையும் தாங்கும். சொல்லப்போனால், அந்தச் சூடே அவற்றை முளைக்கத் தூண்டுகிறது. காலையில் காய்ச்சிய பால் பெரிய பாத்திரத்தில் மதியம் வரை மேடையிலேயே வெதுவெதுப்பாகக் கிடந்தால், முளைத்துப் பெருக அதைவிட நல்ல இடம் கிடைக்காது. இதன் சில ரகங்கள் சுரக்கும் வாந்தி நச்சு 121 டிகிரியிலும் அழியாது. 'இன்னொரு கொதி விட்டால் சரியாகிவிடும்' என்பது இங்கே பலிக்காது.

ஆகவே, காய்ச்சிய பாத்திரத்தைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் இறக்கி வைத்தால் சீக்கிரம் ஆறும். 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். கதவுத் தட்டு வேண்டாம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் முதலில் சூடேறுவது அதுதான். உள்தட்டில், பின்பக்கமாக வையுங்கள்.

அப்புறம், நேற்றைய மிச்சத்தின் மேலேயே இன்றைய பாலை ஊற்றும் வழக்கம். அதுவரை பெருகியவை அத்தனையும் புதுப் பாலுக்கு உறை ஊற்றியது போல ஆகிவிடும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் செய்துவந்தோம். இப்போது மிச்சம் ஒரு சின்னக் கிண்ணத்துக்குப் போகிறது. மறுநாள் முதல் காபி அதில்தான்.