இருட்டில் சுவரைத் தடவும் கை

நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழுகிறோம். கண் பாதி மூடியிருக்கிறது. ஆனாலும் கை சரியான உயரத்தில் போய்ச் சுவிட்சைத் தொட்டுவிடுகிறது. மேசை முனையில் இடித்துக்கொள்ளாமல் உடம்பு தானாக ஒதுங்குகிறது. புது வீட்டுக்குக் குடிபோன முதல் வாரத்தில் அதே கை வெறும் சுவரைத் தடவிக்கொண்டு நிற்கும். வீட்டைக் காலி செய்வது ஏன் இவ்வளவு வலிக்கிறது, ஏன் இவ்வளவு களைப்பூட்டுகிறது என்பதற்கு அந்தத் தடவலிலேயே பாதி விடை இருக்கிறது. மூளை தன் அன்றாட வேலையில் ஒரு பங்கை வீட்டின் பொறுப்பில் விட்டு வைத்திருந்தது. மூட்டை கட்டும்போது அத்தனையையும் திரும்பத் தன் தலைமேல் ஏற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

1971இல் ஜான் ஓகீஃப், எலிகளின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியை ஆராய்ந்தபோது, எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் துடிக்கும் நரம்பணுக்களைக் கண்டார். எலி நகர்ந்தால் வேறு அணுக்கள் துடித்தன. 2005இல் மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் அதற்கு அடுத்த பகுதியில், இடத்தைக் கட்டம் கட்டமாக அளக்கும் அணுக்களைக் கண்டறிந்தார்கள். மூவரும் 2014இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். பல ஆண்டுகள் புழங்கிய வீட்டுக்கு இப்படியொரு வரைபடம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. அதன்மேல் பழக்கங்கள் படிகின்றன. திரும்பத் திரும்பச் செய்த காரியத்தை யோசனையின்றி நடத்தித் தருவதில், மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்லியாவுக்கு முக்கியப் பங்கு உண்டு. ஆனால் பழக்கம் கிளம்புவதற்குப் பழகிய சூழலின் சைகை வேண்டும். அந்த அலமாரி அங்கே இருக்க வேண்டும்; அந்தக் கதவு அந்தப் பக்கம் திறக்க வேண்டும். சாமான்களைப் பெட்டியில் போடப் போட, ஒவ்வொரு சைகையாக அணைகிறது. கடைசி வாரத்தில் ஒரு கரண்டி எடுப்பதற்குக்கூட யோசிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

பெட்டி தூக்குவதால் வரும் அசதி ஒரு பக்கம். அதைவிடப் பெரிய அசதி இழுப்பறைகளில் காத்திருக்கிறது. நான் ஒருமுறை வீடு காலி செய்தபோது, ஓர் இழுப்பறையின் மூலையில் சின்னச் சாவி ஒன்று கிடைத்தது. எந்தப் பூட்டுக்கு உரியது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பூட்டு எப்போதோ தொலைந்திருக்க வேண்டும். பித்தளை தேய்ந்து, துளையில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தது. அந்த முடிச்சு என் தந்தை போடும் முடிச்சு. இரண்டு நாளில் முடிக்க வேண்டிய வேலை இருந்தும் அதைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இது மனப் பலவீனம் இல்லை. நினைவு இயங்கும் விதமே அதுதான். 1975இல் காடன், பேட்லி என்ற இரு உளவியலாளர்கள் தண்ணீருக்கடியில் மூழ்கிப் பழகிய முக்குளிப்பவர்களைச் சொற்பட்டியல்களை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். தண்ணீருக்கடியில் கற்ற சொற்கள் தண்ணீருக்கடியிலேயே நன்றாக நினைவுக்கு வந்தன. கரையில் கற்றவை கரையில் வந்தன. இடமும் பொருளும் நினைவின் திறவுகோல்கள். ஆகவே சாமான் கட்டுகிறவர் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான நினைவுகளைத் திறந்து, ஒவ்வொன்றுக்கும் உடனே தீர்ப்பும் சொல்ல வேண்டியிருக்கிறது: எடுத்துப்போவதா, கொடுத்துவிடுவதா, எறிவதா. எறிய மனம் வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கானெமன், நெட்ச், தாலர் என்ற ஆய்வாளர்கள் 1990இல் வெளியிட்ட சோதனைகளில், ஒரு சாதாரணக் கோப்பையைச் சற்றுமுன் இலவசமாகப் பெற்றவர்கள், வாங்க வந்தவர்கள் தர முன்வந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை கேட்டார்கள். சில நிமிடம் கையில் இருந்த கோப்பைக்கே இப்படி!

உடம்பும் சும்மா இருப்பதில்லை. நெருக்கடி என்று உணர்ந்ததும் மூளையில் உள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்கும், அது அட்ரீனல் சுரப்பிக்கும் செய்தி அனுப்ப, இரத்தத்தில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறுகிறது. சிறிது நேர ஆபத்துக்கு இது நல்ல ஏற்பாடு. வீடு மாறுவதோ வாரக்கணக்கில் நீள்கிற காரியம். நினைவுக்கும் உதவும் ஹிப்போகாம்பஸில் கார்டிசாலை ஏற்கும் முனைகள் ஏராளம்; அது மிகும்போது நினைவை மீட்டெடுப்பது தடுமாறுகிறது. கத்தரிக்கோலை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தேடுகிறவரைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

மரணத்துக்கு அடுத்தபடி வீடு மாறுவதுதான் பெரிய மன அழுத்தம் என்று பலர் சொல்லக் கேட்கிறோம். 1967இல் ஹோம்ஸ், ராஹே இருவரும் 43 வாழ்க்கை நிகழ்வுகளுக்கு மதிப்பெண் தந்து வெளியிட்ட அட்டவணை அப்படிச் சொல்லவில்லை. துணையின் மரணத்துக்கு 100, மணமுறிவுக்கு 73, வீடு மாறுவதற்கு வெறும் 20. ஆனால் அந்த 20 தனியாக வருவது அபூர்வம். ஒரு சாவோ பிரிவோ வேலை மாற்றமோதான் பெரும்பாலும் நம்மை வீட்டைவிட்டு நகர்த்துகிறது. விரும்பிப் போகிறோமா, வெளியேற்றப்படுகிறோமா என்பதும் அந்த எண்ணில் இல்லை. பாஸ்டன் நகரின் வெஸ்ட் எண்ட் பகுதி இடிக்கப்பட்டபோது வெளியேற்றப்பட்டவர்களை ஆராய்ந்த மார்க் ஃபிரைட், அவர்கள் பட்ட துயரம் நெருங்கியவரை இழந்த துக்கத்தை ஒத்திருந்ததாக 1963இல் எழுதினார். அது துக்கம்தான். அதை அந்தப் பெயராலேயே அழைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கடைசி நாளில் அறை எதிரொலிக்கிறது. ஒலியை விழுங்கிக்கொண்டிருந்த மெத்தையும் திரைச்சீலையும் துணிமணியும் போய்விட்டன. வெறும் சுவர்கள் குரலைத் திருப்பி அனுப்புகின்றன. நம் குரலே அந்த வீட்டில் அந்நியமாகக் கேட்கிறது.

புது இடத்தில் முதல் இரவு தூக்கம் பிடிக்காது. பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் இதற்கு ஒரு காரணம் கண்டார்கள்: பழகாத இடத்தில் முதல் இரவு, மூளையின் இடது பாதியில் ஒரு பகுதி ஆழ்ந்து உறங்காமல், புதிய ஓசைக்குக் காவல் இருப்பதுபோல் விழித்திருக்கிறது. அடுத்த முறை அங்கேயே உறங்கும்போது அந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. வேறெதைப் பிரிக்காவிட்டாலும் முதல் நாளே படுக்கையை விரித்துவிடுங்கள்.

இன்னொன்றும் நடக்கும். குடியிருக்கும் வரை நம் வீட்டின் வாசனை நமக்குத் தெரிவதில்லை. ஓயாமல் வரும் மணத்தை மூக்கு கணக்கிலேயே எடுப்பதில்லை. சில வாரம் கழித்து, பிரிக்காமல் கிடந்த பெட்டியில் ஒரு போர்வையை எடுக்கும்போது அந்த வாசனை முதன்முறையாக நம்மை எட்டும். மற்றப் புலன்களின் செய்திகள் தலாமஸ் என்ற நிலையத்தில் நின்று போகின்றன. வாசனையோ அங்கே நிற்காமல் உணர்ச்சிக்குரிய அமிக்டலாவையும் ஹிப்போகாம்பஸை ஒட்டிய பகுதிகளையும் அடைந்துவிடுகிறது. என்ன ஏது என்று புரிவதற்குள் தொண்டை அடைத்துக்கொள்ளும். சில மூச்சுகளில் மூக்கு அதற்கும் பழகிவிடும். போர்வையில் வீசுவது பிறகு இந்த வீட்டு வாசனைதான்.