ஏறுமேடை: சொல் விளக்கம்

தெருவிளக்கு மாற்றவும் உயரமான சுவருக்கு வண்ணம் பூசவும் ஆளைத் தாங்கிக்கொண்டு மேலெழும் பொறியை நம் ஊர்களில் ஸ்கை லிஃப்ட், பூம் லிஃப்ட், மேன் லிஃப்ட் என்று பலவாறு அழைக்கிறார்கள். 'ஜேஎல்ஜி' என்பாரும் உண்டு. ஜோசப் சிரில் பாம்ஃபோர்டின் பெயரெழுத்துகளே மண்வெட்டும் வண்டிக்கெல்லாம் 'ஜேசிபி' என்ற பொதுப்பெயராகிவிட்டதைப் போல, இதுவும் ஒரு மனிதரின் பெயரெழுத்துகள்தாம்.

அவர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த ஜான் எல். குரோவ். 1947இல் தொடங்கிய குரோவ் நிறுவனத்தின் வழியே கிரேன் தொழிலில் பெயர்பெற்ற அவர், 1967இல் அதிலிருந்து விலகிப் பயணம் மேற்கொண்டபோது, ஹூவர் அணையருகே சாரத்தில் வேலை செய்த இருவர் மின்சாரம் தாக்கி இறந்த செய்தி அவரை உலுக்கியது என்று ஜேஎல்ஜி தன் வரலாற்றில் குறிப்பிடுகிறது. 1969இல் மெக்கனல்ஸ்பர்க் என்ற சிற்றூரில் நிறுவனத்தைத் தொடங்கி, மேலே நிற்பவரே ஓட்டவும் உயர்த்தவும் திருப்பவும் கூடிய முதல் பொறியை 1970இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். 2006இல் ஆஷ்காஷ் நிறுவனம் ஜேஎல்ஜியை வாங்கியது.

இதற்குத் தமிழில் எப்பெயர் பொருந்தும்? 'தூக்குமேடை' என்பது கொலைத்தண்டனைக்கு உரியதாகிவிட்டதால் அதைத் தொடவே கூடாது. 'மின்தூக்கி' கட்டடத்துக்குள் இயங்கும் லிஃப்டுக்கும் 'பாரந்தூக்கி' கிரேனுக்கும் நிலைத்துவிட்டன. 'வான்வழிப் பணித்தளம்' என்பதோ விமானத்தைத்தான் நினைவூட்டும். 'சாரம்' நல்ல சொல், ஆயினும் வேறு பொருளைக் குறிப்பது. கன்னியாகுமரிக் கடற்பாறையில் 133 அடி உயர்ந்து நிற்கும் திருவள்ளுவர் சிலையை உப்புக்காற்றின் அரிப்பிலிருந்து காக்க ரசாயனக் கலவை பூசும் காலங்களில் அதைச் சுற்றிக் கட்டப்படுவது சாரம். அது நின்ற இடத்தில் நிற்க, ஆள்தான் ஏற வேண்டும்.

பொருத்தமான வடிவம் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மலையிலேயே இருக்கிறது. பேச்சிப்பாறைப் பக்கத்துக் காணிப் பழங்குடி மக்கள், யானைக்கு எட்டாத உயரத்தில் மரத்தின்மேல் கட்டிய குடிலை 'ஏறுமாடம்' என்றனர். அதை அடியொற்றி 'ஏறுமேடை' என்பதே தக்கது என்று உறுதியாகக் கருதுகிறேன். இது வினைத்தொகை. காலம் காட்டாமல் நிற்கும் இத்தொகையில், ஆள் ஏறும் மேடை என்ற பொருளும் தானே ஏறுகின்ற மேடை என்ற பொருளும் ஒருங்கே அமைகின்றன; இப்பொறியில் நிகழ்வதும் அவ்விரண்டுமே.

வகைகளைப் பிரிப்பதும் எளிது. எண்ணெய் அழுத்தத்தால் ஒன்றுக்குள் ஒன்றாக நீளும் உருக்குக் கை உடையதை 'நீள்கை ஏறுமேடை' எனலாம். இது தடையைத் தாண்டிப் பக்கவாட்டிலும் எட்டும். கத்தரிபோல் மடிந்து விரியும் கால்களால் நேர்மேலே மட்டும் எழுவது 'கத்தரி ஏறுமேடை'. மின்கம்பி வேலைக்கென, மின்சாரம் பாயாதபடி தடுக்கும் மின்காப்புக் கூண்டுடன் செய்யப்படுவதை 'மின்காப்பு ஏறுமேடை' என்று தனியே சுட்டுவது இன்றியமையாதது. ஏனெனில் கட்டுமானத்துக்குரிய பெரும்பாலான ஏறுமேடைகளில் மின்காப்பு இல்லை; மின்னோட்டமுள்ள கம்பியை அவை நெருங்கினால் கூண்டில் நிற்பவரின் உயிருக்கே ஆபத்து.