கியரில் நிற்கும் வண்டிக்கு ரிமோட் ஸ்டார்ட்டா?

டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தேன். தூரத்தில் இருந்தே ரிமோட்டை அமுக்கி வண்டியைக் கிளப்பும் ரிமோட் ஸ்டார்ட் மாட்யூலில் இருந்து வந்த இரண்டு மெல்லிய ஒயர்களை ஒரே போல்ட்டில் சேர்த்து பாடி எர்த்தில், அதாவது வண்டியின் இரும்பு உடம்பில், முறுக்கி வைத்திருந்தார்கள். ஒன்று ஹேண்ட் பிரேக் ஒயர், இன்னொன்று நியூட்ரல் ஒயர்.

வண்டி வால்பாறையில் இருந்து வந்தது. வீட்டு வாசல் சரிவு. அதனால் வண்டிக்காரர் முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல்லும் கொடுத்துத்தான் எப்போதும் நிறுத்துவார். மார்கழிக் குளிரில் கண்ணாடியெல்லாம் பனி மூடிவிடுகிறது, உட்காரும் முன்பே வண்டி சூடாகட்டும் என்றுதான் ரிமோட் மாட்டியிருக்கிறார். அன்று காலை கல்லை எடுத்துவிட்டு வீட்டுக்குள் போய் ரிமோட்டை அமுக்கியிருக்கிறார். வண்டி துள்ளிப் போய் முன்னால் இருந்த சுவரில் மோதி நின்றது. கொஞ்ச நேரம் முன்பு வரை அந்தச் சுவர் ஓரமாகத்தான் பேத்தி நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தாளாம். "ஏனுங்க தம்பி, நியூட்ரல்ல இருந்தாத்தான இது ஸ்டார்ட் ஆகோணும்?" என்று கேட்டபோது அவர் குரல் நடுங்கியது.

அவர் கேட்டது சரிதான். மாட்யூல் செல்ஃப் (என்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் மோட்டார்) அடிப்பதற்கு முன்னால் அந்த இரண்டு ஒயர்கள் வழியாகத்தான் விசாரிக்கிறது: ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதா, கியர் நியூட்ரலா? இரண்டையும் நிரந்தரமாக எர்த் செய்துவிட்டால், எப்போது கேட்டாலும் "ஆமாம்" என்றுதான் பதில் வரும். கிளட்ச் மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும் வண்டிகளில் அந்த ஸ்விட்சையும் ஒரு துண்டு ஒயரால் பைபாஸ் செய்துவிடுகிறார்கள். வேலை சீக்கிரம் முடியும், காசும் கைக்கு வரும். கோவையில் 20 வருடமாக ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். இதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது. நம் பக்கம் ஓடுவதில் பெரும்பாலானவை கை கியர் வண்டிகள், கியரில் போட்டு நிறுத்துவது நம் பழக்கம். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தாலும் முதல் கியரில் செல்ஃப் அடித்தால் வண்டி நகரும்.

கை கியருக்கென்றே வந்த நல்ல மாட்யூல்களில் ஒரு முறை உண்டு. நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, என்ஜின் ஓடும்போதே சாவியை எடுத்துவிட்டு இறங்கிக் கதவைச் சாத்த வேண்டும். மாட்யூல் தானே என்ஜினை நிறுத்தும். ஆள் இறங்கிய பிறகும் என்ஜின் ஓடியதே வண்டி நியூட்ரலில்தான் நிற்கிறது என்பதற்கு அத்தாட்சி. பிறகு யாராவது கதவைத் திறந்தால் ரிமோட் வேலை செய்யாது. இதற்குக் கதவு ஸ்விட்ச் ஒயரைச் சரியாக இணைத்திருக்க வேண்டும்.

அப்புறம் ரிலே, அதாவது சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச். தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகள் தடுமாறும் இடம் இது. அடியில் இருக்கும் எண்கள் டின் 72552 என்ற ஜெர்மன் தரநிலையில் இருந்து வந்தவை. 85, 86 உள்ளே ஸ்விட்சை இழுக்கும் காயிலின் இரண்டு முனைகள். 30 பொது முனை. காயிலுக்குக் கரண்ட் கொடுத்தால் 30 போய் 87-ஐத் தொடும், கொடுக்காதபோது 87ஏ-வைத் தொட்டுக்கொண்டிருக்கும். காயில் இழுப்பது சுமார் 0.15 ஆம்பியர். அதை வைத்து 30, 40 ஆம்பியரைத் திறந்து மூடலாம்.

சாவியில் இருந்து செல்ஃபுக்குப் போகும் ஒயரை வெட்டி அங்கே ஒரு ரிலே வைப்போம். சாவிப் பக்கம் 87ஏ, செல்ஃப் பக்கம் 30. ரிமோட்டில் என்ஜின் ஓடும்போது மாட்யூல் இந்த ரிலேயை இழுத்துப் பிடித்திருக்கும். வண்டி ஓடுவது தெரியாமல் சாவியைத் திருகினாலும் செல்ஃப் பாயாது, அது பல் கோக்கும் ஃப்ளைவீல் சக்கரத்தின் பல் தேயாது. இதில் 87ஏ-க்குப் பதில் 87-இல் மாட்டினால் எல்லாம் தலைகீழ்: நிற்கும் வண்டி சாவிக்கு எடுக்காது, ஓடும் என்ஜினில்தான் செல்ஃப் பாயும். நடுமுனை 87ஏ-தான் என்று நம்பி மாட்டாதீர்கள், சில ரிலேக்களில் நடுவிலும் 87-தான் இருக்கும். 30-உம் 86-உம் இடம் மாறி வரும் ரிலேயும் உண்டு. மேலே அச்சிட்ட படத்தைப் பார்த்துவிட்டு, மல்டிமீட்டரிலும் ஒருமுறை பாருங்கள்.

காயிலில் கரண்ட் அறுபடும் நொடியில் எதிர்த்திசையில் பெரிய வோல்டேஜ் கிளம்பும். அது மாட்யூலைக் கெடுக்காமல் இருக்க 85, 86-க்குக் குறுக்கே, கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4007 டயோடு ஒன்று போதும். கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம் வர வேண்டும். திருப்பி மாட்டினால் ஷார்ட்.

மெயின் ஒயரின் ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். ஃப்யூஸ் போனால் பெரிய ஃப்யூஸ் போடுவது தீயைக் கூப்பிடுவது. ஸ்டீயரிங் அருகே மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் ஒயர் இருக்கும், அதில் டெஸ்ட் லேம்பை வைக்கவே கூடாது. சரியான சாவி அருகில் இல்லாவிட்டால் என்ஜினை எடுக்க விடாத இம்மொபிலைசரை ஏமாற்ற இரண்டாவது சாவியை டேஷ்போர்டுக்குள் ஒளித்து வைப்பதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அது திருடனுக்கு வேலை மிச்சம். மூடிய ஷெட்டுக்குள் நிற்கும் வண்டிக்கு ரிமோட் ஸ்டார்ட்டே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது.

வண்டியைக் கையில் வாங்கும் முன், மாட்டிக் கொடுத்தவரை வைத்தே ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். திறந்த இடம், நான்கு சக்கரத்துக்கும் கட்டை, முன்னாலும் பின்னாலும் யாரும் இல்லை. முதல் கியரில் போட்டு ரிமோட்டை அமுக்க வேண்டும். செல்ஃப் ஒரு முறை முனகினால்கூட வண்டியை எடுக்காதீர்கள். பிறகு நியூட்ரலில் முறைப்படி நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்து இன்னொரு முறை. அப்போதும் எடுக்கக் கூடாது.

வால்பாறைக்காரரிடம் அந்தச் சரிவில் நியூட்ரலில் விட்டுப் போக முடியுமா என்று கேட்டேன். "முடியாதுங்க" என்றார். அப்படியென்றால் இந்த வண்டிக்கு இது ஆகாதுங்க என்று சொல்லி மாட்யூலை முழுசாகக் கழற்றினேன். வெட்டியிருந்த செல்ஃப் ஒயரைச் சோல்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு, பழையபடி சேர்த்துக் கொடுத்தேன். ரிமோட்டை என் மேசை மேலேயே வைத்துவிட்டுப் போனார்.