பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் கேமரா சுமக்கும் ராக்கெட்

மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி வழிவிடும் பாலக்காட்டுக் கணவாயில், ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்தும் மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்தும் காற்று பலமாக வீசுகிறது. கஞ்சிக்கோட்டில் காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமான அந்தக் காற்றே, கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் கேமரா சுமக்கும் மாதிரி ராக்கெட் ஒன்றைச் செய்ய முனைந்தால், அதன் எடையையும் துடுப்பின் அளவையும் ஏவும் நேரத்தையும் தீர்மானிக்கும். கேரளத்தின் ராக்கெட் வரலாறே காற்றை அறியும் முயற்சியில்தான் தொடங்கியது. 1963 நவம்பர் 21 அன்று திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து கிளம்பிய நைக்-அப்பாச்சி ராக்கெட் சோடியம் ஆவியைச் சுமந்து சென்றது. உயரத்தில் அந்த ஆவி நகர்ந்த விதத்தைக் கொண்டு மேல்வளிமண்டலக் காற்று ஆராயப்பட்டது.

மாதிரி ராக்கெட்டின் உடல் எளிமையானது. அட்டைக் குழாய், பிளாஸ்டிக் மூக்குக்கூம்பு, மெல்லிய மரத்தாலோ தடித்த அட்டையாலோ ஆன 3 அல்லது 4 துடுப்புகள், ஒரு பாராசூட், அடியில் எரிமருந்து அடைத்த ஒரு சிறிய மோட்டார். விழுந்தால் யாரையும் காயப்படுத்தக் கூடாது என்பதற்காக மூக்கு, உடல், துடுப்பு எதிலும் உலோகம் சேர்ப்பதில்லை. மோட்டார் ஆலையில் செய்யப்பட்டதாகவே இருக்க வேண்டும். வீட்டில் கருமருந்து இடித்துச் செய்வது விரல்களையும் கண்களையும் பணயம் வைக்கும் செயல். நம் நாட்டில் இத்தகைய மருந்து வெடிபொருள் சட்டத்துக்கு உட்பட்டது என்பதால், உரிய அனுமதியுடன், பொறுப்புள்ள நிறுவனம் ஒன்றின் மேற்பார்வையில்தான் இதில் இறங்க வேண்டும்.

இனி எடைக் கணக்கு. மோட்டார்கள் அவை தரும் மொத்தக் கணத்தாக்கை, அதாவது விசையை அது செயல்படும் நேரத்தால் பெருக்கிய அளவைக் கொண்டு எழுத்துகளால் வகுக்கப்படுகின்றன. சி வகை மோட்டார் 5 முதல் 10 நியூட்டன்-வினாடி வரை தரும். 9 நியூட்டன்-வினாடி தந்து 1.8 வினாடி எரியும் ஒரு மோட்டாரை எடுத்துக்கொள்வோம். ராக்கெட்டின் மொத்த எடை 100 கிராம் என்றால், எரிந்து முடியும்போது அதன் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 72 மீட்டர். காற்றுத் தடையைக் கணக்கில் கொள்ளாவிட்டால் அது சுமார் 330 மீட்டர் உயரம் போகும். அதே மோட்டாரை வைத்து எடையை 150 கிராம் ஆக்கினால், வேகம் 42 மீட்டராகவும் உயரம் 130 மீட்டராகவும் இறங்கிவிடுகின்றன. எடை ஒன்றரை மடங்கானதற்கு உயரம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. உண்மையில் காற்றுத் தடை இரண்டு உயரங்களையும் இன்னும் குறைக்கும். ஆகவே கேமராவின் உறை, திரை, கொக்கி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, சுற்றட்டை, வில்லை, மின்கலம் ஆகியவற்றை மட்டும் ஏற்றுவதே அறிவுடைமை. சாவிக்கொத்துக் கேமரா வகைகளில் 20 கிராமுக்கும் குறைவானவை கிடைக்கின்றன.

எடை உயரத்தை மட்டும் பறிப்பதில்லை. ராக்கெட் 1 மீட்டர் நீளமுள்ள ஏவுகம்பியின் வழியே நேராகக் கிளம்புகிறது. கம்பியை விட்டு நீங்கிய பிறகு அதை நேராக வைத்திருப்பது துடுப்புகளின் மேல் ஓடும் காற்று ஒன்றே. தொடக்கத்தில் மோட்டார் 10 நியூட்டன் விசை தருகிறது என்று கொண்டால், 100 கிராம் ராக்கெட் கம்பியின் நுனியை வினாடிக்கு 13 மீட்டர் வேகத்திலும், 150 கிராம் ராக்கெட் 10.6 மீட்டர் வேகத்திலும் கடக்கும். அப்போது பக்கவாட்டில் வினாடிக்கு 5 மீட்டர் காற்று வீசினால், முதல் ராக்கெட்டை அது 20 பாகைச் சாய்விலும் இரண்டாவதை 25 பாகைச் சாய்விலும் வந்து தாக்குவதாக அமையும். மெதுவாகக் கிளம்பும் ராக்கெட் காற்று வரும் திசை நோக்கித் தலையைத் திருப்பி, வயலுக்கு மேலே போகாமல் வயலுக்குக் குறுக்கே போய்விடும்.

காற்று பலமாக இருக்கும் ஊர் என்பதால் துடுப்பைப் பெரிதாக்கத் தோன்றும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ராக்கெட்டின் நிறை மையம், அதாவது அதை நூலில் தொங்கவிட்டால் சமனாக நிற்கும் புள்ளி, காற்றின் விசைகள் கூடிச் செயல்படும் அழுத்த மையத்துக்கு மேலே, குறைந்தது ஒரு குழாய் விட்டத் தொலைவில் இருக்க வேண்டும் என்பது நெடுநாள் விதி. இந்த இடைவெளி போதாமல் இருந்தால் ராக்கெட் கரணமடிக்கும். மிகுந்துபோனால் சிறு காற்றுக்கும் தலையைத் திருப்பும். பெரிய துடுப்பு அழுத்த மையத்தை மேலும் பின்னுக்குத் தள்ளி, இந்த இரண்டாவது குறையையே வளர்க்கும். அழுத்த மையத்தைக் கணக்கிட ஜேம்ஸ் பாரோமேன் 1960களில் தந்த சமன்பாடுகள் உள்ளன. ஓப்பன்ராக்கெட் என்னும் இலவச மென்பொருள் அக்கணக்கைச் செய்து தரும். மோட்டாரும் கேமராவும் பொருத்திய ராக்கெட்டை நிறை மையத்தில் நூலால் கட்டித் தலைக்கு மேல் சுழற்றிப் பார்ப்பது இன்னொரு சோதனை. மூக்கு முன்னே செல்ல நிலையாகச் சுற்றினால் நம்பலாம்.

கேமராவை எங்கே வைப்பது என்பதில்தான் மிகுதியான யோசனை தேவைப்படுகிறது. மூக்குக்கு அருகே தனி அறையில் வைத்தால் நிறை மையம் முன்னே வரும், அது நல்லது. ஆனால் பாராசூட் விரிந்ததும் அந்த அறை, கயிறு கட்டிய அடிப்பக்கம் மேலாகத் தலைகீழாய்த் தொங்கும்; ஏறும்போது தரையைப் பார்த்த கேமரா இறங்கும்போது பாராசூட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் உடற்குழாயின் மேற்பகுதியில், வெளிப்புறமாக, கூரிய முனையுடைய காகிதக் கூட்டுக்குள் வால்புறம் நோக்கி வைப்பதையே நான் தேர்வேன். குழாய் இறங்கும்போதும் வால் கீழாகவே தொங்குவதால் இரு வழியிலும் தரை தெரியும். பாராசூட்டைத் தள்ளும் சூடான வாயுவும் கேமராவைத் தொடாது. ஒரு பக்கப் புடைப்பால் ராக்கெட் சற்றுச் சாயும் என்பது இதற்குரிய விலை.

படத்தைக் கெடுப்பது பெரும்பாலும் சுழற்சி. துடுப்புகள் அனைத்தும் ஒரே பக்கமாக 1 பாகை திரும்பி ஒட்டப்பட்டுவிட்டன என்று வைத்துக்கொள்வோம். 70 மீட்டர் வேகத்தில், அச்சிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளியுள்ள துடுப்பை அந்தச் சிறு கோணம் வினாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் தள்ளும். அதாவது ராக்கெட் வினாடிக்கு ஏறத்தாழ 4 முறை சுற்றும். வினாடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 48 பாகை திரும்பியிருக்கும். போதாக்குறைக்கு, இவ்வகைக் கேமராக்கள் படத்தை வரிவரியாகப் படிப்பதால், முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையே காட்சியே நகர்ந்துவிட, தென்னைகள் வளைந்து நெளிந்து தெரியும். துடுப்பை ஒட்டுவதற்கு அட்டையில் வெட்டிய ஒரு வழிகாட்டிச் சட்டம், விலையுயர்ந்த கேமராவைவிட நல்ல படம் தரும்.

மோட்டார் எரிந்து முடிந்தபின் தாமதக் கலவை சில வினாடிகள் புகையும். பிறகு சிறு வெடிப்பு மூக்கைத் தள்ளிப் பாராசூட்டை வெளியேற்றும். எடை கூடிய ராக்கெட் விரைவில் உச்சிக்கு வந்துவிடுவதால் அதற்குக் குறைந்த தாமதமுள்ள மோட்டார் வேண்டும். 1946 அக்டோபர் 24 அன்று விண்வெளியிலிருந்து முதல் படங்களை எடுத்த, ஜெர்மனி போருக்காகச் செய்த வி-2 வகை ராக்கெட் தரையில் மோதி நொறுங்க, எஃகுப் பேழைக்குள் இருந்த படச்சுருள் மட்டும் பிழைத்தது. நம் ராக்கெட்டில் எஃகுக்கு இடமில்லை. பாராசூட் விரிந்தே ஆக வேண்டும். 90 கிராமை வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் இறக்க 32 சென்டிமீட்டர் விட்டம் போதும். 200 மீட்டரிலிருந்து இறங்க 40 வினாடி ஆகும். 5 மீட்டர் காற்று அதற்குள் அதை 200 மீட்டர் தள்ளிக்கொண்டு போய்விடும். பெரிய பாராசூட் என்பது இங்கே தென்னந்தோப்புக்கு அனுப்பும் சீட்டு.

ஆகவே ஏவுவதற்குக் காற்று அடங்கிய விடியற்காலையே ஏற்றது. இரண்டாம் போகம் அறுத்த வயல்கள் விரிந்து கிடந்தாலும், காய்ந்த தாளடி ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். ஏவுமேடையைச் சுற்றித் தரையைச் செதுக்கி, ஈரச் சாக்கு விரித்து, தண்ணீர்க் குடத்துடன் நின்று, குறைந்தது 5 மீட்டர் தள்ளியிருந்து மின்கம்பி வழியே மூட்ட வேண்டும்.

கிடைத்த படத்திலிருந்து உயரத்தையும் அளக்கலாம். 60 பாகை அகலம் பார்க்கும் கேமரா நேர்க்கீழாக நோக்கும்போது, படத்தில் அடங்கும் தரையின் அகலம் உயரத்தைப்போல் 1.15 மடங்கு இருக்கும். வாய்க்காலுக்கும் சாலைக்கும் இடையே 110 மீட்டர் என்று நாடா பிடித்து அளந்து, அந்த இடைவெளி படத்தின் பாதி அகலத்தை நிரப்புவதாகக் கண்டால், படத்தின் முழு அகலம் 220 மீட்டர், அந்தக் கணத்தில் கேமராவின் உயரம் சுமார் 190 மீட்டர்.